‘ஹைப்ரிட் ஒண்ணும் பண்ணாது டாக்டர்’

“இது ஏதோ ஹைப்ரிடாமுங்க டாக்டர், சாதா கஞ்சா இல்லையாமுங்க” என்றார் ஈரோட்டிலிருந்து இரவு ரயிலில் வந்திறங்கிய அம்மா. பக்கத்தில் 21 வயது மகன், பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் பி.ஜி. விடுதியில் தங்கியிருப்பவன். மூன்று நாளாகத் தூக்கமில்லை. அறைத் தோழர்கள் தன்னை வேவு பார்ப்பதாக நம்பி, ஜன்னல் முழுக்கச் செய்தித்தாள் ஒட்டி அடைத்திருக்கிறான். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) இந்த மாதம் மனநல மருத்துவரான என்னிடம் இப்படி வந்தவர்களில் இவன் நான்காவது. நான்கு பேரும் ‘ஹைப்ரிட்’ என்ற அதே சொல்லைத்தான் சொன்னார்கள்.

அவர்கள் நம்பும் பாடம் இது: கஞ்சா வகைகளில் இண்டிகா ஆளைப் படுக்கப் போடும், சாட்டிவா சுறுசுறுப்பாக்கும், ஹைப்ரிட் இரண்டையும் சமன் செய்துவிடும். அதனால் பயமில்லை. கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது, ஒருமுறை முழுதாகவே சொல்லிவிடுகிறேன்.

சாட்டிவா என்பது 1753-ல் லின்னேயஸ் வைத்த பெயர். இண்டிகா, இந்தியச் செடியைப் பார்த்து 1785-ல் லமார்க் வைத்தது. இரண்டும் தாவரவியல் பெயர்கள். ‘இது தூங்க வைக்கும், அது ஓட வைக்கும்’ என்பதெல்லாம் பின்னால் வந்த வியாபாரப் பேச்சு. 1970-களில் கலிஃபோர்னியாவில் ஆப்கான், மெக்சிகோ, கொலம்பியச் செடிகளைக் கலந்து ‘ஸ்கங்க்’ என்ற வகையை உண்டாக்கினார்கள். அதற்குப் பிறகு கலந்ததையே மறுபடி கலந்து, இன்று பெயர் சூட்டி விற்கப்படும் ஏறக்குறைய எல்லாமே கலப்பினம்தான். ஹைப்ரிட் என்பது தனிச் சிறப்பே இல்லை. ஒரே பெயரில் விற்கும் இரண்டு பொட்டலங்களை ஆய்வகத்தில் பார்த்தால் மரபணுவே ஒத்துப்போகாத சங்கதியும் உண்டு.

கலந்ததால் வீரியம் குறைந்திருக்கும் என்று எப்படி நினைக்கிறார்கள்? காரமான இரண்டு மிளகாயை இணைத்தால் குடைமிளகாய் விளையாது. கலப்பினம் செய்தவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேடியது டிஎச்சி என்ற போதைப் பொருளைத்தான். அதன் கடுமையைச் சற்றே மட்டுப்படுத்தக்கூடியதாகக் கருதப்படும் சிபிடி என்ற இன்னொரு கஞ்சா வேதிப்பொருள், பெரும்பாலான வகைகளில் பெயருக்குத்தான் மிச்சம். அமெரிக்காவில் பறிமுதலான கஞ்சாவில் 1995-ல் டிஎச்சி சராசரி சுமார் 4 சதவீதம். 2014-ல் சுமார் 12. அப்பா கல்லூரிக் காலத்தில் பார்த்தது கள் என்றால், மகன் கையில் இருப்பது சாராயம்.

இங்கே ‘ஹைட்ரோ’ என்று சொல்வது மண்ணில்லாமல் விளக்கொளியில் வளர்த்தது. பாங்காக்கிலிருந்து வந்து கெம்பேகவுடா விமான நிலையத்தில் பிடிபடும் செய்தியை அடிக்கடி படிக்கிறோம். பிடிபடாமல் வருவதன் கவரில் அச்சிட்ட பெயரையும் சதவீதத்தையும் யார் சோதித்தார்கள்? ஒருவரும் இல்லை.

ஐரோப்பிய நகரங்களிலும் பிரேசிலிலும் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வில், டிஎச்சி 10 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளதைத் தினமும் பயன்படுத்துவோருக்கு மனச்சிதைவு போன்ற நோய்நிலை வரும் வாய்ப்பு, தொடாதவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. எல்லோருக்கும் வராது. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல எங்களாலும் முடியாது. வீட்டில் அப்பா, அம்மா, சித்தப்பா, அத்தை யாருக்காவது மனநோய் இருந்திருந்தால், தயவுசெய்து, ஒரு இழுப்புகூட வேண்டாம்.

வயிற்று டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. விடாத வாந்தி, எண்டோஸ்கோப்பியில் ஒன்றுமில்லை, வெந்நீரில் மணிக்கணக்காகக் குளித்தால்தான் சுகம் என்று இளைஞர் வந்தால் கஞ்சா பற்றிக் கேளுங்கள்.

பிரவுனியில் கலந்து தின்றால் போதை ஏற இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். ஏறவில்லையே என்று அடுத்த துண்டைத் தின்னாதீர்கள். கஞ்சா அடித்துவிட்டு அவுட்டர் ரிங் ரோட்டில் வண்டி ஓட்டாதீர்கள். ‘செடிக்கு அடிமையாக மாட்டேன்’ என்பவர் பத்து நாள் விட்டுப் பாருங்கள்: எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை எல்லாம் வரலாம்.

பெற்றோரே, அடிக்காதீர்கள். மந்திரிக்கக் கூட்டிப்போய் ஒரு மாதத்தை வீணாக்காதீர்கள். போலீசுக்குப் போய்விடுமோ என்ற பயத்தில் எங்களிடம் மறைக்காதீர்கள். நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைப்பது 2017 மனநலச் சட்டப்படி எங்கள் கடமை. அந்த ஈரோட்டு அம்மா இங்கே வருமுன் மூன்று வாரம் ‘வேலை அழுத்தம்’ என்றே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மூன்று வாரம்தான் சிகிச்சைக்கு எங்களுக்கு வேண்டியிருந்தது.

பெங்களூருவின் அரசு மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் போதை அடிமை மீட்புக்கெனத் தனிப் பிரிவே இருக்கிறது. இரவு இரண்டு மணிக்குப் பையன் பயந்து அலறினால் 14416, அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ். தமிழிலேயே பேசலாம்.