சந்தை நண்டின் மூச்சும் வலியும்

திருகோணமலையின் கொட்டியாரக் குடாவிலும் தம்பலகாமம், கிண்ணியாப் பக்கத்துக் களப்புகளிலும் பிடிபடும் சேற்று நண்டு, செத்தால் சதை வெகு விரைவில் கெட்டுவிடும் என்பதால், உயிரோடுதான் விற்கப்படுகிறது. பிடிபட்டதிலிருந்து சட்டிக்குப் போகும்வரை அதன் உடலுக்குள் நடப்பதை அறிந்தால், நல்லெண்ணத்தோடு செய்யும் சில காரியங்களே அதற்கு வதையாவது விளங்கும்.

நண்டின் செவுள்கள் ஓட்டின் இரு பக்கத்து அறைகளில் இருக்கின்றன. துடுப்புப் போன்ற சிறிய உறுப்பொன்று ஓயாமல் அசைந்து அவ்வறைகளின் ஊடாக நீரை ஓட்டுகிறது. கரையேறிய பின்னும், அறையில் மிஞ்சிய நீரைக் காற்றோடு கலந்து அது சுழற்றிக்கொண்டே இருக்கும். சந்தை நண்டின் வாயோரம் நுரை பொங்குவது இதனால்தான். செவுள் ஈரமாக உள்ளவரை, காற்றிலுள்ள ஒட்சிசனைக்கொண்டே அது நாட்கணக்கில் உயிர்வாழும். வெயிலிலும் வறண்ட கச்சான் காற்றிலும் கிடந்தால் செவுளின் மெல்லிய தகடுகள் உலர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, மெல்ல மெல்ல மூச்சு முட்டும். இரக்கப்பட்டு வாளித் தண்ணீரில் போட்டு வைப்பதும் உதவாது. தேங்கிய நீரிலுள்ள ஒட்சிசனைப் பல நண்டுகள் சேர்ந்து விரைவில் தீர்த்துவிடுவதால், அவை நீருக்குள்ளேயே மூச்சடைத்துச் சாகும். நிழலில் வைத்து, கடல்நீரில் நனைத்த சாக்கால் மூடுவதே சரியான முறை. கொடுக்குகளைக் கயிற்றால் கட்டுவது, ஒன்றையொன்று காயப்படுத்தாமல் காப்பதால், நல்லதே.

நண்டுக்கு வலிக்குமா என்ற கேள்விக்குப் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் றொபேட் எல்வுட் குழுவினர் 2013இல் வெளியிட்ட சோதனை முக்கியமானது. இரண்டு இருட்டு மறைவிடங்களில் ஒன்றுக்குள் நுழையும்போது மட்டும் மின்னதிர்ச்சி பெற்ற கரை நண்டுகள், சில தடவைகளிலேயே அதைக் கைவிட்டு மற்றதை நாடின. அனிச்சையாகத் துள்ளுவது மட்டுமாயின், பட்டதை நினைவில் வைத்து இடம் மாற்றியிருக்க மாட்டா. பிரித்தானியாவின் 2022ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், நண்டையும் சிங்கி இறாலையும் உணர்வுள்ள உயிர்களாக ஏற்றுக்கொண்டிருக்கிறது.

கொதிநீரில் உயிரோடு போடப்படும் நண்டு, கால்களைத் தானே கழற்றி எறிவதைச் சமைப்பவர்கள் கண்டிருப்பார்கள். எதிரியிடம் அகப்படும்போது தப்புவதற்காக உடலில் அமைந்த ஏற்பாடு அது. முதுகெலும்புள்ள விலங்கின் மூளையைப் போல ஒரே இடத்தில் குவியாமல், கண்களுக்கு இடையே ஒன்றும், வயிற்றுப் பக்கத்தின் நடுவே ஒன்றுமாக இரண்டு பெரிய நரம்புத்திரள்கள் அதற்கு உண்டு. ஆகையால் அதை வதையின்றிக் கொல்ல ஒரு வெட்டு மட்டும் போதாது.

முதலில் உப்புநீரும் நிறைய ஐஸும் சேர்ந்த கலவையில் குறைந்தது 20 நிமிடமாவது அமிழ்த்தி வைக்க வேண்டும். வெப்பக்கடல் உயிரினம் என்பதால் குளிரில் நரம்புகளின் இயக்கம் தளர்ந்துபோகும். நன்னீர் ஐஸ் மட்டும் கூடாது. உப்புச் சமநிலை குலைந்து அதுவே வேதனையாகிவிடும். கண்ணைத் தொட்டாலும், காலை இழுத்தாலும் அசைவே இல்லை என்று உறுதிசெய்த பின், மல்லாத்தி, வயிற்று மடலைத் தூக்கி அதன் கீழ் ஒரு குத்தும், கண்களுக்கு இடையே ஒரு குத்துமாகக் கூரிய கத்தியால் உடனே முடிக்க வேண்டும். வெளியே எடுத்துத் தாமதித்தால், உடல் சூடேற உணர்வும் திரும்பி வந்துவிடும்.