பிளாஸ்டிக் டேங்குக்கு எர்த்: கம்பியை எங்கே கட்டுவது?

ஃபைபர் படகில் பிளாஸ்டிக் பெட்ரோல் டேங்க் பொருத்தியவர்களிடம் எர்த் போட்டாச்சா என்று கேட்டால், "அதெல்லாம் குடுத்தாச்சுண்ணே" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். எட்டிப் பார்த்தால் டேங்கின் ஓரத்துக் காதில் போல்ட் முடுக்கி, அதிலிருந்து கம்பியை இன்ஜின் வரை அழகாக இழுத்திருப்பார்கள். வேலை சுத்தமாக இருக்கும், பலன் மட்டும் இருக்காது. பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது. அந்தக் கம்பியால் அந்த ஒரு போல்ட்டுக்கு மட்டுமே எர்த் கிடைக்கிறது.

இந்தப் பழக்கத்தில் எனக்குப் பெரிய கவலை என்னவென்றால், எர்த் தேவைப்படும் இடம் இப்படிப்பட்ட படகுகளில் அநேகமாக வெறுமையாகவே கிடக்கிறது. மேல்தளத்தில் பெட்ரோல் ஊற்றும் வாய் ஸ்டீலில் இருக்கும். அதன் கீழே ரப்பர் ஹோஸ், அதற்கும் கீழே பிளாஸ்டிக் டேங்க், சுற்றிலும் ஃபைபர். நான்கு பக்கமும் மின்சாரம் போக வழியில்லாமல் ஒரு உலோகத் துண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறது.

பெட்ரோல் குழாய் வழியே ஓடும்போது உராய்வில் நிலைமின்சாரம் உண்டாகிறது. போக வழியிருந்தால் அது சத்தமில்லாமல் இறங்கிவிடும். வழியில்லாத அந்த ஸ்டீல் வாயில் சேர்ந்துகொண்டே போனால், பங்கின் குழாய் முனையான நாசில் கிட்டே வரும் நேரத்தில் ஒரே பொறியாகத் தாவும். பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ள 0.2 மில்லிஜூல் அளவுக்குப் பொறி இருந்தாலே போதும். கதவுக் கைப்பிடியைத் தொடும்போது சில நேரம் கையில் சுள்ளென்று அடிக்குமே, அந்தப் பொறியிலேயே பெரும்பாலும் இதைவிட அதிக ஆற்றல் உண்டு. அதுவும் பொறி தாவும் இடம் டேங்குக்குள்ளிருந்து ஆவி வெளியே வருகிற அதே வாய்.

"கடற்கரைக் காற்றில்தான் ஈரம் இருக்கே, நிலைமின்சாரம் எப்படி வரும்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஈரம் வெளிப்பரப்பில் சேரும் மின்னேற்றத்தைக் குறைக்கும், உண்மைதான். ஹோஸுக்கு உள்ளே பெட்ரோலில் உண்டாவதை வெளிக்காற்று எப்படித் தடுக்கும்? டீசலிலும் மண்ணெண்ணெயிலும் வருஷக்கணக்காகப் புழங்கிவிட்டுப் பெட்ரோல் இன்ஜினுக்கு வந்தவர்கள் இதில் கூடுதலாகக் கவனம் வைக்க வேண்டும். பெட்ரோல் சுமார் மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றக்கூடிய ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே எழும்பிக் கலைந்து போகாது, படகின் அடிவயிற்றில் இறங்கித் தங்கிவிடும்.

ஆகவே கம்பி கட்ட வேண்டியது பெட்ரோல் தொடுகிற உலோக பாகங்களில். முதலில் ஊற்றும் வாய். அடுத்து டேங்கின் மேலே இருக்கும் அளவுமானியின் உலோகத் தட்டு. இரண்டிலிருந்தும் கம்பி இழுத்துப் பேட்டரி நெகட்டிவில் சேர்க்க வேண்டும். பேட்டரி இல்லாத படகென்றால் இன்ஜின் பாடியில் சேர்க்கலாம். இன்ஜினின் கால், அதாவது விசிறி இருக்கும் கீழ்ப்பாகம், தண்ணீரில் இருப்பதால் மின்னேற்றம் கடலில் இறங்கிவிடும். கம்பியை ஹோஸுக்கும் பைப்புக்கும் நடுவில் செருகிக் கிளாம்பை முடுக்குவதைப் பல படகுகளில் பார்க்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். கம்பி தடித்திருக்கும் இடத்தில் இடைவெளி விழுந்து பெட்ரோல் கசியும். ஊற்றும் வாயின் கீழ்ப்பக்கம் கம்பி கட்டுவதற்கென்றே ஒரு காதோ திருகோ இருக்கும். கம்பி முனையில் லக் (வளையம் போன்ற உலோக முனை) போட்டு அதில் முடுக்குங்கள்.

படகு கரையில் கிடக்கும்போது இன்ஜின் கால் தண்ணீரில் இருக்காது. அப்போதைய பாதுகாப்பு உங்கள் கையில்தான் இருக்கிறது. நாசிலை வாயின் உலோகத்தில் தொட்டபடி வைத்து, நிரப்பி முடிக்கும்வரை எடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். கேனிலிருந்து ஊற்றும்போது பிளாஸ்டிக் புனலுக்குள் கம்பிவலை போட்டு, அதன்மேல் துணியும் விரித்து வடிகட்டுகிறோம். தண்ணீரும் தூசியும் போகக்கூடாது என்ற எண்ணம் சரியானதே. ஆனால் வடிகட்டி வழியே போகும்போது பெட்ரோலில் மின்னேற்றம் பல மடங்கு கூடுகிறது, பிளாஸ்டிக்குக்குள் இருக்கும் அந்த வலையும் தனித்து நிற்கும் உலோகம்தான். உலோகப் புனலை வாயோடு ஒட்டி வைத்து மெதுவாக ஊற்றுங்கள். தண்ணீரைப் பிரிக்கும் வேலையை இன்ஜினுக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர் பார்த்துக்கொள்ளும். கழற்றி எடுக்கக்கூடிய சின்ன டேங்கைப் படகுக்குள் வைத்தே நிரப்பாதீர்கள். கீழே இறக்கித் தரையில் வைத்து நிரப்புங்கள். பங்கிலும் அப்படித்தான், வண்டியில் இருந்தபடி வேண்டாம்.

பொருத்தும் விஷயத்தில் பிளாஸ்டிக்குக்கு ஒரு தனிக் குணம் உண்டு. பாலிஎத்திலீன் பெட்ரோலை ஓரளவு உறிஞ்சி ஊதும், ஒவ்வொரு பக்கமும் சுமார் 2 சதவீதம். ஒரு மீட்டர் நீள டேங்க் 2 சென்டிமீட்டர் நீண்டுவிடும். புது டேங்கை அளவெடுத்துக் கச்சிதமாக அடைத்து, சுற்றிலும் ஃபோம் ஊற்றி மூடினால், ஊதுவதற்கு இடமில்லாமல் பொருத்துகளில் அழுத்தம் ஏறி விரிசல் விடும். லூசாக விட்டாலும் அலையில் ஆடி உரசும். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதி கால் அங்குலத்துக்கு மேல், அதாவது 6 மில்லிமீட்டருக்கு மேல், ஆடக்கூடாது என்கிறது. அதனால் நான் செய்வது இது: அடிப்பாகம் முழுக்கத் தாங்கும்படி சமதளம், பக்கங்களில் இடைவெளி, பட்டிக்கு அடியில் ரப்பர். பெட்ரோல் நிரப்பிச் சில வாரம் ஓடிய பிறகு வரச்சொல்லி, பட்டியையும் முட்டுகளையும் திரும்பச் சரிசெய்வேன். வாய்விளிம்பு வரை நிரப்ப வேண்டாம் என்றும் சொல்லி அனுப்புவேன். வெயிலில் 15 டிகிரி சூடு ஏறினால் 100 லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் கூடும். இடமில்லாவிட்டால் அது வென்ட் (டேங்கின் காற்றுக் குழாய்) வழியாக வழியும்.

எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு மல்டிமீட்டர் போதும். ஒரு முள்ளை ஊற்றும் வாயிலும் மற்றதை இன்ஜின் பாடியிலும் வையுங்கள். அதே அமெரிக்க விதிப்படி மின்தடை 100 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். நல்ல இணைப்பென்றால் ஒரு ஓம்கூட வராது. கூடுதலாகக் காட்டினால் லக்கைக் கழற்றிப் பாருங்கள், பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். கம்பியின் தோலைச் சிறிது உரித்து உள்ளே செம்பு கறுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். கறுத்திருந்தால் முனையை மட்டும் வெட்டிச் சேர்க்காமல், வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியாக வாங்கி முழு நீளத்தையும் மாற்றிவிடுங்கள்.