சைக்கிள் ஒன்று, அசைவுகள் ஆறு

காருக்குச் சைக்கிள் ரேக் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "எத்தனை கிலோ தாங்கும்?" என்பதுதான். அட்டைப்பெட்டியிலும் அதைத்தான் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். ஏற்றப்போவது ஒரே ஒரு சைக்கிள் என்றால் அந்த எண்ணுக்கு அவ்வளவு வேலை இல்லை. சாதாரண சைக்கிள் 12 முதல் 15 கிலோ இருக்கும். ஒரு கையால் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிவிடுகிறோம். அந்த எடைக்கு ஒடிகிற ரேக்கைத் தேடித்தான் வாங்க வேண்டும். தொல்லை வருவது வேறு பக்கத்திலிருந்து: ஏதோ ஒன்று உடைவதால் அல்ல, ஏதோ ஒன்று தளர்வதால்.

ஆகவே கேள்வியை மாற்றிப் போடுவோம். எந்தத் திடப்பொருளும் ஆறு வகையில்தான் அசைய முடியும். முன்பின், இடவலம், மேல்கீழ் என்று நகர்வது மூன்று. பக்கவாட்டில் புரள்வது, முன்னால் குனிந்து நிமிர்வது, நின்ற இடத்திலேயே இடவலமாகத் திரும்புவது என்று சுழல்வது மூன்று. ரேக்கின் வேலை இந்த ஆறையும் அடைப்பது. ஐந்தை அடைத்துவிட்டு ஒன்றை விட்டால், சாலை அந்த ஒன்றைக் கண்டுபிடித்துவிடும்.

அடைப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பட்டைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. ரப்பர் காலுக்குத் தள்ளத்தான் தெரியும், இழுக்கத் தெரியாது. ஒவ்வொன்றும் ஒரு திசையில் மட்டுமே தடுக்கும். உராய்வே இல்லை என்று வைத்துக்கொண்டால், தரையில் கிடக்கும் ஒரு தட்டையான அட்டையை எந்தப் பக்கமும் அசையவிடாமல் நிறுத்தக் குறைந்தது 4 தொடுபுள்ளிகள் வேண்டும். முப்பரிமாணத்தில் ஒரு பொருளை நிறுத்த 7 வேண்டும். உராய்வு கைகொடுத்தால் இதைவிடக் குறைவாகவும் முடியும், ஆனால் ஈரமும் தூசியும் சேர்ந்தால் உராய்வு கைவிட்டுவிடும்.

இப்போது டிக்கிக் கதவில் மாட்டும் சாதாரண ரேக்கைப் பாருங்கள். மேலே இரண்டு பட்டை, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, கீழே இரண்டு, ஆக 6. கூடவே கதவிலும் பம்பரிலும் அழுந்தும் ரப்பர் கால்கள் மூன்று நான்கு. இவ்வளவு பட்டை எதற்கு என்று அலுத்துக்கொண்டு பக்கப் பட்டைகளைக் கட்டாமல் விடுகிறவர்கள் உண்டு. மேல் பட்டைகள் ரேக் கீழே விழாமல் பிடிக்கின்றன. கீழ்ப் பட்டைகள் மேடுபள்ளத்தில் ரேக் எம்பாமல் பிடிக்கின்றன. வளைவில் ரேக் பக்கவாட்டில் வழுக்காமல் இருப்பது அந்தப் பக்கப் பட்டைகளால்தான். அவை இல்லையென்றால் வெறும் ரப்பர் உராய்வை நம்பிப் பயணம் போகிறோம் என்று பொருள்.

விசைகளையும் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்க்கலாம். சைக்கிள் 12 கிலோ, ரேக் 4 கிலோ, மொத்தம் 16. பம்பரில் ஊன்றியிருக்கும் கீழ்க்காலை அச்சாக வைத்துக்கொள்வோம். அதிலிருந்து 40 சென்டிமீட்டர் பின்னால் எடை தொங்குகிறது. மேல் பட்டை இழுக்கும் கோடு அதே அச்சிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. நெம்புகோல் கணக்குப்படி மேல் பட்டைகள் இரண்டும் சேர்ந்து தாங்குவது 16 × 40 ÷ 60, கிட்டத்தட்ட 11 கிலோ எடைக்குச் சமமான இழுவிசை. அதே சைக்கிளை ரேக் கையின் வெளி நுனியில் மாட்டினால் 40 என்பது 60 ஆகிவிடும், இழுவிசை 16 கிலோவாக ஏறிவிடும். குழியில் இறங்கி ஏறும்போது இது இரண்டு மூன்று மடங்காகும். அப்போதும் நல்ல பட்டைக்கு இது பெரிய சுமை இல்லை. ஆனால் ஒரு சைக்கிள்தானே என்று எங்கே வேண்டுமானாலும் மாட்டக் கூடாது என்பது இதில் தெரிகிறது. காருக்கு எவ்வளவு ஒட்டினாற்போல் மாட்டுகிறோமோ அவ்வளவு நல்லது. மூன்று சைக்கிளுக்கான நீளக் கை வைத்த ரேக்கை ஒற்றைச் சைக்கிளுக்கு வாங்குவதில் பயனும் இல்லை.

பட்டை எதனால் ஆனது என்பதும் கவனிக்க வேண்டியதுதான். நைலான் தண்ணீரை உறிஞ்சும், நனைந்தால் கொஞ்சம் நீளும். பாலியஸ்டர் அவ்வளவு நீளாது. காய்ந்த காலையில் இறுக்கிக் கட்டிய நைலான் பட்டை, ஒரு மழைக்குப் பிறகு தொட்டுப் பார்த்தால் தொய்ந்திருக்கும். நீளுவதைப் பற்றிப் பேசும்போது எலாஸ்டிக் கயிற்றையும் சொல்லிவிட வேண்டும். கொக்கி வைத்த அந்த வண்ணக் கயிறு இழுத்துக் கட்ட வசதியாக இருப்பதால் பலர் அதையே நம்புகிறார்கள். எலாஸ்டிக் என்பது ஒரு வில், அதாவது ஸ்பிரிங். அதன் முனையில் எடையைக் கட்டினால் அதற்கென்று ஓர் இயல்பான ஆடல் வேகம் வந்துவிடும். காரின் உடல் சஸ்பென்ஷன் மேல் வினாடிக்கு ஒரு தடவைக்குச் சற்றுக் கூடுதலாக ஆடும். எலாஸ்டிக்கில் கட்டிய சைக்கிளின் ஆடல் வேகமும் அதற்குப் பக்கத்தில் வந்துவிட்டால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிடுகிற கதைதான்: ஒவ்வொரு குழியும் ஆட்டத்தைக் கூட்டிக்கொண்டே போகும். இறுக்கமான, நீளாத பட்டை இந்த ஆடல் வேகத்தை மேலே தள்ளிவிடுகிறது. சைக்கிளும் காரும் ஒரே பொருளாக அசையத் தொடங்கும். எலாஸ்டிக் கயிற்றுக்கு ஒரு வேலை கொடுக்கலாம்: முன்சக்கரம் காற்றில் சுழலாமலும் ஹேண்டில்பார் திரும்பாமலும் பிடித்துவைப்பது.

ஒரு சின்னச் சங்கதி. பட்டையைத் தட்டையாக இழுத்துக் கட்டினால் வேகம் கூடும்போது அது 'ங்ங்ங்' என்று ரீங்காரமிடும். தட்டையான நாடாவின் இரு புறமும் ஓடும் காற்று மாறி மாறி அதைத் தள்ளுவதால் வருகிற அதிர்வு அது. காதுக்குத் தொல்லை என்பதோடு போகாது. பக்கிளையும் மெல்ல மெல்லத் தளர்த்தும். மருந்து எளிது: கட்டும்போதே பட்டையை ஒருமுறை முறுக்கிவிடுங்கள். நீளம் முழுக்கக் காற்று ஒரே கோணத்தில் படாது, அதிர்வு ஒன்றுசேர முடியாமல் சத்தம் அடங்கிவிடும்.

டிக்கி ரேக்குக்கு எதிராகச் சொல்லவும் விஷயம் இருக்கிறது. கொக்கி உலோக விளிம்பில்தான் மாட்ட வேண்டும். கண்ணாடி விளிம்பிலும், பின்னால் அழகுக்கு வைத்த பிளாஸ்டிக் ஸ்பாய்லரிலும் மாட்டினால் அவை தாங்காது. ரப்பர் காலுக்கு அடியில் மணல் சிக்கினால் பெயிண்ட் போச்சு. மணலில் பெரும்பாலும் இருப்பது குவார்ட்ஸ். எஃகுக் கத்தியையே கீறும் கல், பெயிண்ட்டை விட்டுவைக்குமா? மாட்டும் முன் ஈரத்துணியால் இரண்டு பக்கமும் துடைப்பது ஒரு நிமிட வேலை. டயர் சைலன்சர் வாய்க்கு நேராக வருகிறதா, நம்பர் பிளேட்டும் பின்விளக்குகளும் மறைகின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சைக்கிள் காரின் அகலத்துக்குக் கிட்டத்தட்டச் சமமான நீளம் என்பதால் சக்கரங்கள் இரு பக்கமும் எட்டிப் பார்க்கும். நெருக்கடியான சந்தில் அது நினைவிருக்க வேண்டும்.

காரின் பின்புறம் ஒரு வகையில் சைக்கிளுக்குச் சாதகமான இடம். கார் காற்றைக் கிழித்துக்கொண்டு போன பின் அங்கே காற்று மந்தமாகச் சுழல்கிறது, அதனால் சைக்கிள் மேல் படும் காற்றுத் தடை குறைவு. அதே சுழல்தான் சாலைத் தூசியையும் சேற்றுத் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வந்து செயினில் பூசுகிறது.

கூரை மேல் வைத்தால் நிலைமை தலைகீழ். சைக்கிள் சுத்தமாக இருக்கும், டிக்கி திறக்கும், ஆனால் முழுக் காற்றையும் அது வாங்கிக்கொள்ளும். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. சைக்கிளின் வடிவத்தையும் பரப்பையும் சேர்த்துக் காற்று 'பார்க்கும்' பரப்பு 0.1 சதுர மீட்டர் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 கிலோமீட்டரில் அதன்மேல் படும் விசை சுமார் 12 நியூட்டன், ஒன்றேகால் கிலோவைத் தூக்கும் அளவு. 100 கிலோமீட்டரில் அது 46 நியூட்டன், ஏறக்குறைய 5 கிலோ. அந்த விசையை அந்த வேகத்தில் இழுத்துக்கொண்டு போகத் தேவைப்படும் திறன் சுமார் 1.3 கிலோவாட். கூரையில் ஓர் இஸ்திரிப் பெட்டியை ஓயாமல் எரியவிட்டுக்கொண்டு பயணம் போவதுபோல. குழந்தை இருக்கை மாட்டிய சைக்கிள் என்றால் அது பாய்மரம்தான், கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள்.

கூரையில் ஏற்றினால் கார் கவிழும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 1200 கிலோ காரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டரில் இருப்பதாகக் கொள்வோம். 12 கிலோ சைக்கிளை 2 மீட்டர் உயரத்தில் வைத்தால் மொத்த ஈர்ப்பு மையம் உயர்வது ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. 1.5 மீட்டர் உயரக் காரின் மேல் ஒரு மீட்டருக்கும் மேலான சைக்கிள் நின்றால், ரேக்கையும் சேர்த்து 2.6 மீட்டரைத் தாண்டிவிடும். எனக்கு இது கணக்குப் போட்டுத் தெரிந்ததில்லை. நிலத்தடி வாகன நிறுத்தத்தின் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தேன், தலைக்கு மேல் 'மடார்' என்றது. இறங்கிப் பார்த்தால் சீட்டின் கம்பி வளைந்து, ரேக்கின் ஒரு கால் கூரைத் தகட்டில் குழி போட்டிருந்தது. உத்திரத்தில் உயர அளவு மஞ்சள் பெயிண்டில் எழுதித்தான் இருந்தது. மேலே சைக்கிள் இருப்பதைத்தான் நான் மறந்திருந்தேன்.

கூரை ரேக்கில் இரண்டு வகை. முன்சக்கரத்தைக் கழற்றி, அதைப் பிடித்திருந்த கவட்டையை, அதாவது ஃபோர்க்கை, நேரடியாகப் பூட்டுவது ஒன்று, சக்கரத்தோடு நிறுத்தி ஒரு கையால் பிடிப்பது இன்னொன்று. முதல் வகையில் சைக்கிள் தாழ்ந்து உட்காரும், அசைவும் குறைவு. ஆனால் உங்கள் சைக்கிளின் முன் அச்சு எந்த வகை என்று தெரிந்து வாங்க வேண்டும். லிவரைத் திருப்பிச் சக்கரத்தைக் கழற்றும் பழைய விரைவுப் பூட்டுக்குச் (quick release) செய்த ரேக்கில், 12 அல்லது 15 மில்லிமீட்டர் தடிமனில் ஊடுருவிப் போகும் அச்சுள்ள (thru-axle) ஃபோர்க் நேராக உட்காராது. இரண்டாம் வகையில் சட்டத்தின் குழாயைக் கவ்விப் பிடிக்கும் ரேக்கும் உண்டு. கார்பன் சட்டம் வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். கார்பன் இழைக்கு நீளவாக்கில் அபார வலு. மெல்லிய சுவரை இருபக்கமும் நசுக்கினால் வெளியே தெரியாமல் உள்ளே விரிசல் விழும். டயரை மட்டும் பிடிக்கும் ரேக் அவர்களுக்கு ஏற்றது.

கூரைக் கம்பியே இல்லாத காருக்கு உறிஞ்சு கிண்ணத்தில் ஒட்டும் ரேக் ஒன்று உண்டு. பார்த்தால் நம்பிக்கை வராது, இயற்பியல் அதன் பக்கம்தான். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் காற்று ஏறத்தாழ ஒரு கிலோ எடை அளவுக்கு அழுத்துகிறது. 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள கிண்ணத்தின் பரப்பு 177 சதுர சென்டிமீட்டர். உள்ளே காற்றை முழுக்க வெளியேற்றினால் ஒரே கிண்ணம் 180 கிலோ விசையில் ஒட்டிக்கொள்ளும். கிண்ணம் உறிஞ்சவில்லை, வெளியே இருக்கும் வளிமண்டலம்தான் அழுத்திப் பிடிக்கிறது. அதனால்தான் 2000 மீட்டர் உயர மலைச் சாலையில் அதன் பிடி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதைவிடப் பெரிய எதிரி விளிம்பில் சிக்கும் ஒரே ஒரு மணல் துகள். காற்று அதன் வழியே மெல்லக் கசியும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி, கிண்ணத்திலிருந்து காற்றை வெளியேற்றும் பம்பை அழுத்திப் பார்க்கிற பொறுமை இருப்பவருக்குத்தான் இதைச் சொல்வேன்.

டிரெய்லர் இழுக்கப் பின்னால் பொருத்தும் இழுவைக் கொக்கி உள்ள கார் என்றால், அதில் மாட்டி, சைக்கிளைச் சக்கரத்தோடு நிறுத்தும் மேடை ரேக்தான் உத்தமம். பெயிண்ட்டைத் தொடாது, இடுப்புயரத்துக்கு ஏற்றினால் போதும், இணைப்பில் ஆட்டம் இல்லாமல் இறுக்கினால் ஆறு அசைவும் அடங்கிவிடும். ஆனால் ஒற்றைச் சைக்கிளுக்காகக் கொக்கியையே புதிதாகப் பொருத்துவது பூனைக்கு யானைக் கொட்டகை.

உண்மையில், எப்போதாவது ஒரு சைக்கிளை எடுத்துப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது ரேக்கையே அல்ல, பின்சீட்டை. சீட்டை மடித்து, முன்சக்கரத்தைக் கழற்றினால் பல கார்களில் சைக்கிள் உள்ளேயே படுத்துவிடும். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால் சக்கரத்தைக் கழற்றியதும் பேடுகளுக்கு இடையில் ஓர் அட்டைத் துண்டைச் செருகிவிடுங்கள். தெரியாமல் லிவரை அழுத்தினால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும், பிறகு டிஸ்க் நுழையாது. உள்ளே வைத்தாலும் கட்டாயம் கட்ட வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார் மோதி அரை மீட்டருக்குள் நின்றால், 12 கிலோ சைக்கிள் சுமார் 240 கிலோ விசையோடு முன்சீட்டை நோக்கிப் பாயும்.

எதை வாங்கினாலும், மாட்டி முடித்ததும் சைக்கிளின் சீட்டையும் ஹேண்டிலையும் பிடித்து ஆறு திசையிலும் ஆட்டிப் பாருங்கள். சைக்கிள் மட்டும் ஆடினால் இன்னும் இறுக்க வேண்டும். சைக்கிளோடு காரும் சேர்ந்து ஆடினால் சரி. பிறகு பத்துக் கிலோமீட்டர் ஓட்டி, ஓரமாக நிறுத்தி, பட்டைகளை மறுபடி இழுங்கள். முதல் தடவை நான் அப்படி இழுத்தபோது மேல் பட்டையில் இரண்டு விரற்கடை தொய்வு கைக்கு வந்தது.