மோரிஸ் மைனரின் பின் ஆக்ஸில்: 43-க்கு 8 முதல் 38-க்கு 9 வரை

மோரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் காரின் முகத்தைப் பார்த்தே வயதை ஓரளவு சொல்லிவிடலாம். முன் கண்ணாடி நடுவில் பிரிந்திருந்தால் 1956-க்கு முந்தைய வடிவம். ஒரே வளைந்த கண்ணாடி என்றால் அதற்குப் பிந்தையது. ஆனால் அந்த வண்டி மேட்டில் எப்படி இழுக்கும், வேகமாகப் போகும்போது இன்ஜின் எவ்வளவு இரையும் என்பதெல்லாம் முகத்தில் எழுதியிருக்காது. அதற்குக் குனிந்து பின்பக்கம் பார்க்க வேண்டும். பின் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் ஆக்ஸிலின், அதாவது அச்சின், நடுவே உருண்டையாகத் துருத்திக்கொண்டிருக்கும் இரும்புக் கூட்டுக்குள் ஒரு ஜோடிப் பல்சக்கரங்கள் இருக்கின்றன. அவற்றின் பல் எண்ணிக்கையில் இந்தக் காரின் வரலாறே அடங்கியிருக்கிறது என்பேன்.

கியர் பாக்ஸிலிருந்து பின்னால் வரும் நீண்ட தண்டின் முனையில் பினியன் என்ற சிறிய பல்சக்கரம். அது கடித்துச் சுழற்றுவது கிரவுன் வீல் என்ற பெரிய சக்கரத்தை. நீளவாக்கில் வரும் சுழற்சி இங்கேதான் குறுக்காகத் திரும்பிச் சக்கரங்களுக்குப் போகிறது. பினியனுக்கு 9 பல், கிரவுனுக்கு 38 பல் என்றால் சக்கரம் ஒரு முறை சுற்ற, தண்டு 4.22 முறை சுற்றியாக வேண்டும். இந்த 4.22-தான் ஆக்ஸில் விகிதம். எண் பெரிதாக இருந்தால் இழுவை கூடும், ஆனால் அதே வேகத்துக்கு இன்ஜின் அதிகம் சுற்ற வேண்டியிருக்கும். எண் சிறிதானால் இன்ஜின் நிதானமாக ஓடும், இழுவை குறையும்.

சரி, 4.22 என்று ஏன் ஒரு கோணல் எண்? நேராக 4 என்றே வைத்திருக்கலாமே? பினியனில் 9, கிரவுனில் 36 என்று வைத்தால், பினியனின் ஒரு பல் கிரவுனின் அதே நான்கு பற்களைத்தான் ஆயுள் முழுக்கச் சந்திக்கும். ஒரு பல்லில் சிறு பிசிறு இருந்தால் அது அந்த நான்கையும் விடாமல் தேய்த்துக்கொண்டே இருக்கும். 38-க்கும் 9-க்கும் பொது வகு எண் கிடையாது. அதனால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் 38 பற்களையும் முறை வைத்துத் தொட்டு வருகிறது, தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் பரவுகிறது. 41-க்கு 9, 43-க்கு 8 எல்லாமே இந்தக் கணக்கில் பிறந்தவைதான். எனக்கு இந்தக் காரில் மிகவும் பிடித்த விஷயம் இது. தசமப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் ஒழுங்கற்ற எண்கள் அத்தனையும் யோசித்துச் செய்தவை.

இனி வரலாறு. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மைனர் 1948-ல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது, ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டிய கௌலியில் தயாரானது. எம்எம் என்று அழைக்கப்பட்ட அந்த முதல் வடிவத்தில் 918 சிசி பக்கவால்வு இன்ஜின் (வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருப்பது), 4.55 ஆக்ஸில். 1952-ல் மோரிஸும் ஆஸ்டினும் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) என்ற ஒரே நிறுவனத்துக்குள் வந்தன. அதோடு ஆஸ்டின் ஏ30-யின் 803 சிசி இன்ஜின் மைனருக்குள் ஏறி, வண்டி சீரிஸ் 2 ஆனது. புதிய இன்ஜின் பழையதைவிடச் சிறியது. அதன் முறுக்குவிசை, அதாவது தண்டைத் திருகும் விசை, ஏறக்குறைய பழைய அளவுதான், சுமார் 40 பவுண்டு-அடி. ஆனால் மேல்வால்வு (வால்வுகள் சிலிண்டருக்கு மேலே) என்பதால் சளைக்காமல் அதிகச் சுற்றுக்குப் போகும். அந்தக் குணத்துக்கேற்ப ஆக்ஸிலை மாற்றினார்கள். இந்தத் தலைமுறையின் பெரும்பாலான வண்டிகளில் இருந்தது 43-க்கு 8, அதாவது 5.375. எம்எம்மைவிட 18 சதவீதம் கூடுதல் பெருக்கம்.

டாப் கியரில் இன்ஜினும் தண்டும் ஒரே வேகத்தில் சுற்றும். எனவே இன்ஜின் தரும் விசையை ஆக்ஸில் எண்ணால் பெருக்கினால் அந்தக் கியரில் சக்கரத்துக்கு எவ்வளவு போகிறது என்று ஒப்பிடலாம். சீரிஸ் 2-வில் 40 பெருக்கல் 5.375, அதாவது 215. 1956-ல் மைனர் 1000 வந்தது. 948 சிசி, சுமார் 50 பவுண்டு-அடி, ஆக்ஸில் 41-க்கு 9. பெருக்கினால் 228. 1962-ல் வந்த 1098 சிசி இன்ஜினுக்குச் சுமார் 60 பவுண்டு-அடி, ஆக்ஸில் 38-க்கு 9. பெருக்கினால் 253. ஆக்ஸில் எண் ஒவ்வொரு முறையும் இறங்கியிருக்கிறது, இழுவையோ ஏறியிருக்கிறது. இன்ஜின் பெரிதாகக் கிடைத்த லாபத்தில் ஒரு பங்கை இழுவைக்குக் கொடுத்துவிட்டு, இன்னொரு பங்கை அமைதிக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த அமைதி எவ்வளவு? சக்கரம் ஒரு சுற்றில் ஏறக்குறைய 1.8 மீட்டர் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டாப் கியரில் மணிக்கு 80 கிலோமீட்டரில் போக 5.375 ஆக்ஸில் வண்டியின் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 3,980 முறை சுற்ற வேண்டும். 41-க்கு 9 என்றால் சுமார் 3,370. 38-க்கு 9 என்றால் சுமார் 3,130. சீரிஸ் 2-வையும் கடைசிக்கால வண்டியையும் அடுத்தடுத்து ஓட்டினால் காதே இந்த வித்தியாசத்தைச் சொல்லிவிடும்.

இரண்டு கதவு, நான்கு கதவு, துணிக்கூரை, மரச்சட்டம் தெரியும் டிராவலர், வேன், பிக்கப் என்று மைனருக்குப் பல உடல்கள் உண்டு. 1971 வரை 16 லட்சத்துக்கும் மேல் தயாரித்தார்கள். ஆனால் இன்றைக்கு உங்கள் முன் நிற்கும் வண்டியின் உடலையோ ஆண்டையோ வைத்து ஆக்ஸிலை ஊகிக்க வேண்டாம். இத்தனை ஆண்டுகளில் யாராவது மாற்றியிருக்கலாம். எம்ஜி மிட்ஜெட் என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரில் வந்த 3.9 செட்டு இதன் கூட்டுக்குள் பொருந்தும் என்பதால் அந்த மாற்றம் பிரபலமானது. 1098 இன்ஜினோடு அது நல்ல ஜோடி: 60 பெருக்கல் 3.9 என்றால் 234, பழைய 948 வண்டியைவிடச் சற்றுக் கூடவே. அதையே 948 இன்ஜினோடு போட்டால் 195-தான் வரும். சீரிஸ் 2-வின் இழுவைகூட மிஞ்சாது, ஒவ்வொரு மேட்டிலும் மூன்றாம் கியரைத் தேட வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால் 948 வண்டியில் கை வைக்காமல் விடுவதே நல்லது.

மாற்றியவர்கள் பலர் மறந்துவிடும் ஒன்று உண்டு. ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர் பாக்ஸிலிருந்து கிளம்புகிறது. பின்னால் ஆக்ஸில் மாறியது அதற்குத் தெரியாது. 4.22-ஐ எடுத்துவிட்டு 3.9 போட்டால், முள் 60 மைல் காட்டும்போது வண்டி 65-ல் போய்க்கொண்டிருக்கும். குறைத்துக் காட்டும் ஸ்பீடோமீட்டர் ஆபத்தானது, அதையும் சேர்த்துத் திருத்த வேண்டும். அப்புறம், கிரவுனும் பினியனும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று உரசவிட்டுப் பதப்படுத்திய ஜோடி. ஒரு செட்டின் பினியனை இன்னொரு செட்டின் கிரவுனோடு சேர்த்தால் ஊளைச் சத்தம்தான் கிடைக்கும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கக் கூட்டைப் பிரிக்கத் தேவையில்லை. முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். கியரை நியூட்ரலில் விட்டு, ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை விடுவியுங்கள். டயரிலும் தண்டிலும் சாக்பீஸால் ஒரு கோடு. ஒரு சக்கரம் தரையில் அசையாமல் நிற்பதால், டிஃபரன்ஷியலின் (இரண்டு பின் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் அமைப்பு) இயல்புப்படி தூக்கிய சக்கரம் இரண்டு முறை சுற்றினால்தான் கிரவுன் ஒரு முறை சுற்றும். ஆகவே சக்கரத்தைக் கையால் 18 சுற்று சுற்றுங்கள், இன்னொருவர் தண்டின் சுற்றுகளை எண்ணட்டும். 38 வந்தால் கடைசிக்கால ஆக்ஸில், 41 என்றால் 948 காலத்தது, அல்லது எம்எம்முடையது. 48-ஐச் சற்றுத் தாண்டினால் சீரிஸ் 2-வுடையது. 35-லேயே நின்றுவிட்டால் யாரோ மிட்ஜெட்டின் செட்டை ஏற்கெனவே மாட்டிவிட்டார்கள்.