தணிக்கை: எதைத் தணிக்கிறது?

‘தணிக்கை’ என்றதும் ‘தணி’ என்ற வினைதான் நினைவுக்கு வரும். படத்தின் காரத்தைத் தணிப்பதால் தணிக்கை என்று நானும் வெகுநாள் நம்பியிருந்தேன். அழகான விளக்கம், ஆனால் வேர் அதுவல்ல. அரபியின் ‘தன்கீஹ்’ உருது வழியாக நம்மிடம் வந்தது. ஆராய்ந்து தெளிவாக்குதல் என்று பொருள். தெலுங்கில் ‘தனிகீ’ என்றால் சோதனை, கன்னடத்தில் ‘தனிகெ’ என்றால் விசாரணை. நாம் கணக்கையும் தணிக்கை செய்கிறோம், படத்தையும் செய்கிறோம்.

‘சென்சார்’ லத்தீன் சொல். மதிப்பிடுதல் என்ற வினையிலிருந்து பிறந்தது. ‘சென்சஸ்’ அதன் உடன்பிறப்பு. பழைய ரோமில் சென்சார் குடிமக்களைக் கணக்கெடுப்பார், நடத்தை சரியில்லாதவர் பெயருக்கு எதிரே குறியும் போடுவார். பதவியில் இருவர் இருப்பார்கள். இருவரும் ஒத்துக்கொண்டால்தான் குறி நிற்கும். காரணத்தைப் பக்கத்திலேயே எழுதவும் வேண்டும். இன்றைய தயாரிப்பாளர்கள் பொறாமைப்படக்கூடிய ஏற்பாடு!

இந்தியாவில் திரைப்படச் சான்றளிப்புக்கான 1983 விதிகள், படத்தைப் பார்த்த குழுவின் அறிக்கைகளை இரகசியமாக வைக்கச் சொல்லின. படம் தொடங்கும் முன் திரையில் சில விநாடி மின்னி மறையும் பழைய சான்றிதழ்களைக் கவனியுங்கள்: பார்த்தவர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஆனால் எந்தக் காட்சியை யார் ஆட்சேபித்தார் என்பது அதில் இராது. அமெரிக்காவில் பெயரே வராது. அங்கே எந்தப் படம் எந்த வயதினருக்கு என்று குறிப்பவர்கள் பெற்றோர்கள். மூத்த சிலரைத் தவிர மற்றவர்களின் பெயரை அவர்களை அமர்த்தும் அமைப்பு வெளியிடுவதில்லை. கணக்குத் தணிக்கையாளரோ தன் அறிக்கையின் அடியில் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

சரி, தமிழில் எதைச் சொல்வது? நம் படங்களைப் பார்த்துச் சான்று தரும் மத்திய வாரியமே 1983இல் தன் ஆங்கிலப் பெயரிலிருந்து ‘சென்சார்’ என்பதை நீக்கி, சான்றளிக்கும் வாரியம் ஆனது. ஆகவே அதன் வேலைக்குச் ‘சான்றளிப்பு’ என்பதே சரி. ‘யு’, ‘ஏ’, 2023 சட்டத் திருத்தம் கொண்டுவந்த ‘யுஏ 7+’, ‘13+’, ‘16+’ ஆகியவற்றை ‘வயது வகைப்பாடு’ எனலாம். ‘ரேட்டிங்’ என்றால் நட்சத்திர மதிப்பெண்ணோடு குழம்பும். ‘தரச்சான்று’ அதைவிட மோசம், படம் நன்றாக இருக்கிறது என்று யாரும் சான்று தரவில்லை.

ஆனாலும் ‘தணிக்கை’யை முழுதாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ‘ஏ’ சான்று பெற்ற படத்தைத் தொலைக்காட்சியில் போட முடியாது. அதற்காகவே தயாரிப்பாளர் ரத்தம் தெறிக்கும் காட்சியைச் சுருக்கி, வசவை ஊமையாக்கி, ‘யுஏ’ வாங்கி வருகிறார். அந்த இடத்துக்கு, வேர் எதுவானாலும், ‘தணி’ கச்சிதமாகத்தான் பொருந்துகிறது.