‘ஃபைன் கட்டிட்டன், பிறகேன் கடிதம்?’

“பிள்ளை, நான் ஃபைன் கட்டி முடிச்சிட்டன். பிறகேன் இந்தக் கடிதம்?”

போன கிழமை கனடாவின் ஸ்காபரோவில், குடிவரவு வழக்குகள் பார்க்கும் என் மேசைக்கு முன்னால் இருந்து ஒருவர் கேட்டது. இதே கேள்வியோடு வருகிறவர்களை எண்ணுவதை விட்டுவிட்டேன். கடிதம் கனடா எல்லைச் சேவை முகமை அனுப்பியது: குற்றத்துக்காக உங்களை நாட்டைவிட்டு அனுப்ப நேரலாம், பதில் எழுதுங்கள் என்று. நான்காக மடித்து, மடிப்புக் கிழியும்வரை சட்டைப்பையில் வைத்திருந்திருக்கிறார். பதில் எழுத இன்னும் ஐந்து நாள்தான் மிச்சம்.

ஒரு கலியாண வீடு, கொஞ்சம் குடி, திரும்பும் வழியில் பொலிஸ் மறிப்பு. “மறியல் (சிறை) இல்லை, ஃபைன் மட்டும்தான்” என்று குற்றவியல் வழக்கறிஞர் சொல்ல, இவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார். கனடா வந்து 18 வருடம். பிஆர் என்கிற நிரந்தர வதிவிட உரிமை, சொந்த வீடு, இங்கே பிறந்த இரண்டு பிள்ளைகள். “என்னை எப்படி அனுப்ப ஏலும்?”

ஏலும் அண்ணை. பிஆர் குடியுரிமை இல்லை. எத்தனை வருடம் வரி கட்டினாலும் இல்லை. பிள்ளைகள் கனடியர்கள் என்பதால் நீங்கள் கனடியர் ஆகிவிடுவதும் இல்லை.

எனக்கு அலுத்துப்போன விஷயம் ஒன்று: நீதிபதி கொடுத்த தண்டனையை மட்டும் பார்த்து நிம்மதி அடைகிறீர்கள். குடிவரவுச் சட்டமோ அந்தக் குற்றத்துக்கு ஆகக்கூடியது எவ்வளவு கொடுக்கலாம் என்றும் பார்க்கிறது. அது 10 வருடமோ அதற்கு மேலோ என்றால் ‘பாரதூரமான குற்றம்’. குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவதற்கு முன்பு உச்சம் 5 வருடம். 2018 டிசம்பர் 18 முதல் 10. உங்களுக்கு 1,000 டொலர் தண்டம் மட்டும் விழுந்திருக்கலாம், ஒரு இரவுகூட மறியலில் படுத்திருக்காமல் இருக்கலாம். குடிவரவுக் கணக்கில் அது 10 வருடக் குற்றம்தான். 6 மாதமோ அதற்கு மேலோ மறியல் கிடைத்தால், நாடுகடத்தல் உத்தரவை எதிர்த்து மேன்முறையீடு செய்யும் உரிமையும் போய்விடும்.

ஆகவே, ஒப்புக்கொள்வதற்கு முன் குடிவரவு தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள். தீர்ப்புக்குப் பிறகு வந்தால் என் கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

கடிதம் வந்த எல்லாரையும் அனுப்புவதில்லை. அதிகாரி விசாரணைக்கு அனுப்பாமலும் விடலாம். அதனால்தான் பதில் முக்கியம்: வேலையிடக் கடிதம், குடியை விட ஆலோசனைக்குப் போன சான்று, பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கடிதம். தயவுசெய்து உறையைப் பிரியுங்கள். வீடு மாறினால் முகவரியை அறிவியுங்கள்.

அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டவர்களுக்கும் ஒன்று. வெளியேறும் உத்தரவு நடைமுறைக்கு வந்தால் 30 நாள்தான். சும்மா விமானம் ஏறினால் போதாது. விமான நிலையத்தில் எல்லை அதிகாரியிடம் காட்டி, புறப்பட்டதற்கான சான்றிதழை வாங்க வேண்டும். இல்லாவிட்டால் அதுவே நாடுகடத்தல் உத்தரவாக மாறிவிடும். பிறகு எந்தக் காலத்திலும் சிறப்பு அனுமதி இல்லாமல் திரும்பி வர ஏலாது.

பிஆர் உள்ளவர்கள், 5 வருடத்தில் 1,095 நாள் இங்கே இருந்திருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பியுங்கள். வழக்கு விழுந்த பிறகு ஓடிப்போய் விண்ணப்பித்தால் அது நகராது. இந்த அண்ணையும் படிவத்தைப் பாதி நிரப்பி வைத்திருந்தாராம். “நேரம் கிடைக்கேல்லைப் பிள்ளை” என்றார்.