டவ்டெயில் கட்டர் வெட்டுற இடம் நம்ம கண்ணுக்குத் தெரியாது, அதுதான் பிரச்சனையே

வீட்டுல சின்ன மில்லிங் மிஷின் வச்சிருக்கவங்க கொஞ்ச நாள்ல எப்படியும் டவ்டெயில் (புறா வால் மாதிரி அடியில அகலமா, மேல குறுகலா, சுவர் சாய்ஞ்சிருக்கற பள்ளமும் அதுல பொருந்துற பாகமும்) பக்கம் வந்துடுவாங்க. லேத்துக்கு டூல் ஹோல்டர் செய்யணும், சின்னதா ஒரு ஸ்லைடு பண்ணணும்னு ஆரம்பிக்கும். நான் டூல் ரூம்ல வேலை பாக்கறவன், அதனால உடைஞ்ச கட்டரை கையில எடுத்துக்கிட்டு வந்து "கட்டர் குவாலிட்டி சரியில்ல போல"ன்னு சொல்றவங்க நிறைய பேரைப் பாத்தாச்சு. சில நேரம் அது நிஜமாவும் இருக்கலாம். ஆனா பெரும்பாலும் பல்லோட நுனி போயிருக்கும், இல்ல கழுத்துல முறிஞ்சிருக்கும், ரெண்டுக்குமே காரணம் அதுக்குத் தகுதியில்லாத வேலையைக் கொடுத்ததுதான்.

அந்த கட்டரோட ஷேப்பைப் பாருங்க. கீழ அகலம், மேல கழுத்து ஒல்லி, பல்லு நுனி 60 டிகிரிக்கு கூரா இருக்கு. லோடு முழுக்க முதல்ல விழறது அந்த நுனியிலதான். அதுவும் ஜாப்புக்கு (வெட்டுற மெட்டல் துண்டு) உள்ளார, மேல் விளிம்புக்கு அடியில நடக்குது, சிப்ஸ் (வெட்டின சீவல்) அடைச்சுக்கிட்டாலும் தெரியாது, சத்தம் மாறினாதான் தெரியும், அதுக்குள்ள நுனி போயிருக்கும்.

அதனால முக்கால்வாசி மெட்டலை சாதாரண எண்ட் மில்லாலயே எடுத்துடுங்க. நேரான ஸ்லாட்டா அடிச்சு, அடியில ஒரு 0.2 மிமீ மட்டும் விட்டு வைங்க. டவ்டெயில் கட்டருக்கு மிச்சம் இருக்கறது அந்த 0.2ம், ரெண்டு பக்கமும் இருக்கற முக்கோணமும் மட்டும்தான். டெப்த்தை ஜாப்புக்கு வெளிய வச்சே செட் பண்ணி இசட்டை (மேல கீழ நகர்ற அச்சு) லாக் பண்ணிட்டு பக்கவாட்டுல உள்ள போங்க, மேல இருந்து குத்தி இறக்கவே கூடாது.

நிறைய பேர் கவனிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. ஆரம்பத்துல நுனி மட்டும்தான் கடிக்கும், சாய்வு விளிம்பு காத்துல இருக்கும். உள்ள போகப் போக அந்த விளிம்பு முழு நீளத்துக்கும் மெட்டல்ல உரசும். அதாவது அதே 0.5 மிமீ கட் முதல் பாஸ்ல (ஒரு தடவை கட்டரை ஓட்டறது) லேசா இருக்கும், கடைசி பாஸ்ல மிஷினையே உலுக்கும். எம்எஸ்ல (மைல்டு ஸ்டீல்) நான் 0.5ல ஆரம்பிச்சு, பாதிக்கு மேல 0.2, கடைசியில 0.1க்கு வந்துடுவேன். ஸ்பீடை கணக்கு போடும்போது கட்டரோட பெரிய டயாவை எடுங்க, ஷேங்க் (மிஷின்ல பிடிக்கற தண்டு) டயாவை இல்ல. 25 மிமீ எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) கட்டருக்கு நிமிஷத்துக்கு 25 மீட்டர்னு வச்சா சுமார் 320 ஆர்பிஎம் வரும், சின்ன மிஷின்ல 200, 250ல ஓட்டுங்க.

திசை ரொம்ப முக்கியம். மேல இருந்து பாத்தா கடிகாரச் சுத்துல சுத்துற கட்டர்னா, அது ஜாப்புக்குள்ள போற திசைக்கு இடது கைப் பக்கம் வெட்டுற சுவர் இருக்கணும், அதுதான் கன்வென்ஷனல் (டேபிள் நகர்ற திசைக்கு எதிரா பல்லு வெட்டுறது). முடிஞ்சதும் அதே சுவரை ஒட்டியே வெட்டிக்கிட்டு திரும்பி வந்தா அது க்ளைம்ப் (டேபிள் நகர்ற திசையிலயே பல்லு வெட்டுறது) ஆயிடும், ஸ்க்ரூவுல பேக்லாஷ் (ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் நடுவுல ஆட்டம்) இருக்கற சின்ன மிஷின்ல கட்டர் டேபிளை சட்டுனு இழுத்துக்கும், நுனி போயிடும். கொஞ்சம் விலகி காலியா திரும்பி வாங்க. அசையாத ஆக்ஸிஸை லாக் பண்ணாம கட் எடுக்காதீங்க.

அப்புறம் ட்ரில் சக். தயவுசெஞ்சு வேணாம்! பக்கவாட்டு லோடுக்காக செஞ்ச சமாச்சாரம் இல்ல அது, அதிர்வுல டேப்பர்ல இருந்து கழண்டு சுத்திக்கிட்டே கீழ விழும், கட்டரோட சேர்த்து. கோலட்ல (ஷேங்கைச் சுத்தி இறுக்கிப் பிடிக்கற பிடி) பிடிங்க.

அளக்கறது எப்படின்னு கேட்டா, கூர் விளிம்புல வெர்னியரை வச்சு அளக்காதீங்க, அந்த மூலை எப்பவுமே கொஞ்சம் மழுங்கியோ பிசிறாவோ இருக்கும். ஒரே சைஸ் ரெண்டு ரோலரை மூலைக்கு ஒண்ணா வைங்க. 60 டிகிரிக்கு, பெண் பக்கம்னா (பள்ளம்) அடி அகலத்துல இருந்து ரோலர் டயாவோட 2.732 மடங்கைக் கழிச்சா ரோலர்களுக்கு நடுவுல வர வேண்டிய அளவு. ஆண் பக்கம்னா (பள்ளத்துக்குள்ள போற பாகம்) குறுகலான அடி அகலத்தோட அதே 2.732 மடங்கைக் கூட்டினா ரெண்டு ரோலரோட வெளிப்பக்கத்துக்கு வெளிப்பக்கம் வர்ற அளவு. 40 மிமீ அடி அகலம், 6 மிமீ ரோலர்னா நடுவுல 23.61 வரணும். அந்த ரோலர் சுவரைத் தொடறது 4.5 மிமீ உயரத்துல, ஸ்லாட் அதைவிட ஆழமா இல்லன்னா சின்ன ரோலர் எடுங்க. ரெண்டு முனையிலயும் அளந்து பாருங்க, வித்தியாசம் வந்தா ஜாப் நகர்ந்திருக்கு. ரெண்டு சுவரையும் ஜாப்பைக் கழட்டாம ஒரே செட்டிங்ல முடிக்கச் சொல்றது இதுக்குத்தான்.

அளக்கும்போது ஸ்பிண்டில் முழுசா நின்னா மட்டும் போதாது, டேபிளை நகர்த்தி கட்டரைத் தள்ளி வைங்க, கை போற இடம் பக்கத்துலயே அந்தப் பல்லு இருக்கும். சிப்ஸை பிரஷ்ஷாலதான் தள்ளணும், விரலால இல்ல, ஏர் அடிச்சா கண்ணுக்கும் ஸ்லைடுக்கும்தான் போகும். சுத்துற ஸ்பிண்டில் பக்கத்துல கிளவுஸ் போடக் கூடாது, அதுல சிக்கினா கையையே இழுத்துக்கும். கண்ணாடி கட்டாயம். வேலை முடிஞ்சதும் அந்த விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும், வைஸ்ல இருக்கும்போதே லேசா ஃபைல் போட்டுட்டு எடுங்க.

கோல்டு ரோல்டு பட்டையில ஒரு பக்கம் மட்டும் ஸ்லாட் அடிச்சா உள்ள இருக்கற ஸ்ட்ரெஸ் விடுபட்டு பட்டை வளையும், நீளமான ஸ்லைடுக்கு காஸ்ட் அயர்ன் எடுத்துக்கறது நல்லது. கிப்புக்கு (ஸ்லைடோட ஆட்டத்தை சரி பண்ண நடுவுல வைக்கற பட்டை) இடம் விட மறந்துடாதீங்க.

சிலர் முக்கோண டிசிஎம்டி (TCMT) இன்செர்ட் (மாத்திப் போடக்கூடிய வெட்டுமுனை) வச்சு சொந்தமா கட்டர் செய்யறாங்க, மூலை 60 டிகிரிங்கறதால அந்தக் கோணம் அப்படியே கிடைக்குது, நுனி போனாலும் திருப்பிப் போட்டுக்கலாம், நல்ல ஐடியாதான். ஒத்தைப் பல்லுங்கறதால ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு அடி விழும், அதனால இன்செர்ட் ஸ்க்ரூவை ஒவ்வொரு தடவையும் செக் பண்ணுங்க, முதல் பாஸ் ஓடும்போது கட்டர் சுத்துற மட்டத்துக்கு நேரா முகத்தை வைக்காதீங்க.